நாலு நாட்டு ரோபோவும் என்ர ஜெப எண்ணெயும்

டென்மார்க்கின்ர சில்க்போர்க் நகரத்தில நான் பெட்டி அடுக்கிற தொழிற்சாலைக்கு டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆராய்ச்சிக்காரர் சேர்ந்து செய்த ரோபோ ஒண்டு வந்தது. அதுவும் பெட்டிதான் அடுக்கும். என்ர வேலை போகப்போகுதெண்டு பயந்து, அதின்ர கையில சபையில தந்த ஜெப எண்ணெயைத் தடவி, "ஆண்டவரே, இது என்னை விரட்டக்கூடாது" எண்டு ஜெபிச்சன். அண்டைக்கே அது நிண்டிட்டுது!

எண்ணெயாலதான் நிண்டதெண்டு நினைச்சு, நானே முதலாளியிட்டப் போய் ஒத்துக்கொண்டன்.

ரோபோவைத் திறந்து பார்த்த பின்லாந்து ஆராய்ச்சிக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. "எண்ணெயில பிழையில்லை. நாங்கள் பூட்டின வயர்தான் கழண்டது."

முதலாளி சொன்னார்: "இதுக்குப் பக்கத்தில நிக்க, ஒளிக்காமச் சொல்லுற ஆள் வேணும். நீ நில். எண்ணெய் மட்டும் வேண்டாம்."

அப்பாடா! எட்டாம் வகுப்பை மூண்டு தரம் படிச்சவன், இப்ப நாலு நாட்டு ஆராய்ச்சியில.