நெல்லறைக்குள் வந்த எலிகள்

எனக்கு எழுபத்துநாலு வயது. ஏழு பேரை வளர்த்தேன். அஞ்சு பெண், ரெண்டு ஆண். ஏழு பேரும் சுகமாய் இருக்கிறார்கள், ஒருத்தரும் அடுத்தவர் வாசலில் போய்க் கை நீட்டினதில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். மூண்டாம் வகுப்போட வயலுக்கு இறங்கினவள் நான். எழுத்து அங்கால இங்கால போனால் வாசிக்கிறவர்கள் நேராக்கி வாசிக்கவேணும்.

எங்கட பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் தன்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நாலு மருமக்கள் அப்படி வந்ததை நிண்டு பார்த்தவள் நான். ஒருத்தர் வலையோட வந்தார், ஒருத்தர் தையல் மெசினோட வந்தார். அஞ்சாவது ஆள், கடைசி மகளின்ட புருசன், தன்னாமுனையில் இருந்து சின்ன லொறி பிடித்து வந்தார். கட்டில் அலுமாரி இறங்கும் எண்டு பார்த்தேன். இறங்கினது எல்லாம் கொம்பியூட்டர். அதிலும் பாதி ஓடாததுகள், மற்றவர்கள் எறிந்ததுகள். எங்கட நாவற்குடா ஒழுங்கையில் அண்டைக்குச் சிரிக்காத ஆள் இல்லை.

மருமகனுக்குப் பட்டணத்தில் ஒரு கந்தோரில் வேலை. பின்னேரம் வந்து காற்சட்டையைக் கழற்றிச் சாரம் கட்டினால், கொம்பியூட்டர் அடுக்கின அந்த அறைதான். செத்த கொம்பியூட்டருக்கு உயிர் கொடுப்பார். தூரத்து நாட்டு ரேடியோவைக் கம்பி கட்டிப் பிடித்துக் கேட்பார். வாவிக்குள் ஒரு தடியை நட்டு, தண்ணி ஏறுகிறதையும் இறங்குகிறதையும் போனில் பார்ப்பார். இன்னொரு மெசின் இருந்தது. இடியப்பம் பிழிகிற மாதிரி பிளாஸ்டிக்கை உருக்கி நூல் நூலாய் விட்டு, பார்த்துக்கொண்டு இருக்க ஒரு கொக்கி செய்து முடித்தது. அந்தக் கொக்கி இண்டைக்கும் என்ட நெற்பெட்டியில்தான் கிடக்கிறது. நல்ல கொக்கி.

ஒருநாள் நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்க, கிணற்றடியில் மோட்டர் தானாய் ஓடத் தொடங்கினது. கிட்ட ஒருத்தரும் இல்லை. நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் வந்து, அவர் கந்தோரில் இருந்து போனில் போட்டவர், நீங்க தண்ணி அள்ளிக் கஷ்டப்படக்கூடாதாம் எண்டாள். அவரிட்ட ஒண்டும் சொல்லவில்லை. சொல்லவும் ஏலாது. மாமி மருமகனோட முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் எங்கட வீட்டில் இல்லை. அவருக்கு ஒண்டு வேணும் எண்டால் மகளிட்டச் சொல்வார், எனக்கு ஒண்டு வேணும் எண்டால் நானும் மகளிட்டச் சொல்வேன். சோறு போடவும் அவள்தான், சேதி கொண்டுபோகவும் அவள்தான்.

மகள் பிள்ளைத்தாச்சியாய் இருக்கிற நேரம், கொழும்பில் இருக்கிற மருமகனுடைய கூட்டாளி வெளிநாட்டுக்குப் போனார். அவர் வளர்த்ததுகளை இவர் பொறுப்பெடுத்து, துணி மூடின கூட்டோட பஸ்ஸில் வந்து இறங்கினார். கிளியாக்கும் எண்டு நினைத்தேன். துணியை எடுத்தார். ரெண்டு எலி. வெள்ளை உடம்பு, கறுத்த தலை, வெறும் வால். மருமகன் ஒண்டைத் தூக்கித் தோளில் வைத்தார். அது அவருடைய காதை மணந்து பார்த்தது. நான் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அதுகளுக்குப் பேரும் இருந்தது. ஒண்டின்ட பேர் என்ட பெரியம்மாவின்ட பேர். அதை இதில் எழுதமாட்டேன்.

வெல்லாவெளி வயல் வட்டையில் நெல் செய்த வீட்டுப் பெண் நான். எலி எண்டால் எங்களுக்கு என்னெண்டு வயல் செய்தவர்களுக்குத் தெரியும். கதிர் வெளியால வராத பொத்தி நெல்லை அடியில் அறுத்துப் போட்டுவிட்டுப் போகும். ஆனால் எனக்கு நெல் பெரிசில்லை. என்ட புருசன் மாரி மழைக்குப் பிறகு வட்டைக்குள் தண்ணியில் நிண்டு வரம்பு கட்டினவர். காலில் ஒரு சின்ன வெட்டு. மறுகா ஒரு கிழமையால காய்ச்சல், கண் ரெண்டும் சிவப்பு, சலம் நிண்டுபோனது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் எண்டார்கள். எலி சலம் பெய்த தண்ணியால் வருகிறதாம். ஆள் திரும்பி வரவில்லை. கடைசி மகள் அப்போது தவழுகிற பிள்ளை.

மூத்ததுகள் ரெண்டுக்கும்தான் உண்மை தெரியும். மற்றவர்களுக்குக் காய்ச்சல் எண்டு மட்டும் சொன்னேன். எலி எண்டு சொன்னால் என்ட பிள்ளைகள் ஒண்டும் வயலுக்குள் கால் வைக்காது. வயல் இல்லாமல் ஏழு பேரை நான் எதைக் கொண்டு வளர்ப்பது?

அதனால் அண்டைக்கு மகளைக் குசினிக்குள் கூப்பிட்டு, அந்தச் சாமானை இப்பவே வெளியால கொண்டுபோகச் சொல்லு எண்டேன். ஏன் எண்டு கேட்டாள். சொன்னதைச் செய் எண்டேன். அவள் போனாள். ஆனால் அவள் அவரிட்டச் சொன்னது வேறு. புருசனின்ட முகம் வாடும் எண்டு, அம்மா அதுக்கு வேற நல்ல இடம் பார்க்கச் சொல்றா எண்டு சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் காலையில் நெல் எடுக்க நெல்லறையைத் திறந்தேன். என்ட நெற்பெட்டிக்கு மேல் கூடு. அதுக்கு ஒரு சின்ன லைட்டு, ஒரு கமெரா, தண்ணிப் போத்தல். வீட்டில் நல்ல இடம், குளிர்ச்சியான இடம் அதுதானே எண்டு மருமகன் இரவோட இரவாய் வைத்திருக்கிறார். பெரியம்மாவின்ட பேர்க்காரி கம்பியைப் பிடித்து எழும்பி நிண்டு என்னைப் பார்த்தாள். உள்ளே நெல். அந்த நெல்லுத்தான் பிள்ளைத்தாச்சி தின்கிற சோறு.

நான் போட்ட சத்தத்துக்கு மருமகன் கிணற்றடியில் இருந்து சவர்க்காரம் வழிய ஓடி வந்தார். பின்னால் மகள். ஒரு வருசமாய்ப் பார்க்காத முகத்தை அப்போதுதான் நேரே பார்த்தேன்.

"தம்பி, என்ட புருசனக் கொண்டுபோனது எலிக்காய்ச்சல்."

அவர் வாசலைப் பிடித்துக்கொண்டு நிண்டார். "மாமி, எனக்கு இவ வெறும் காய்ச்சல் எண்டுதானே சொன்ன."

"அவளுக்கே தெரியா. தவழுற புள்ளையிட்ட என்னெண்டு சொல்லுற?"

மகள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் நெல் எடுக்காமல் குசினிக்குப் போனேன். அண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடவில்லை.

அதுக்கு அடுத்த நாள் விடிய மருமகன் ஒரு ஓட்டோவைக் கூப்பிட்டு, கூட்டையும் ரெண்டு பெட்டியையும் ஏற்றினார். சொல்லாமல் போனார். மகள் அறைக்குள் இருந்து வெளியே வரவே இல்லை. வாசல் படலையடியில் முன்வீட்டுக்காரி நிண்டாள்.

"என்னகா, வந்த சாமான் எல்லாம் திரும்பிப் போகுது? லொறிக்கு வாடகை மிச்சம் பிடிக்க ஓட்டோவிலயா போறார்?"

எங்கட பக்கத்தில் ஆண் பெட்டியோட பெண் வீட்டை விட்டு இறங்கினால் அதுக்கு ஒரே கருத்துத்தான், பெண்ணை விட்டுப் போகிறார் எண்டு. முந்தி வந்த நாலு மருமக்களில் ஒருத்தரும் இறங்கினதில்லை. அதை நான் பெருமையாய்ச் சொல்லித் திரிந்தவள். முன்வீட்டுக்காரிக்கு, உன்ட வீட்டு ஆடு என்ட கீரைக்குள்ள நிக்குது, அதப் பாரு எண்டு சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்து, படலை தெரிகிற யன்னலடியில் இருந்துகொண்டேன்.

பொழுது சாயப் படலை திறந்தது. மருமகன் வெறுங்கையோட வந்தார். எலிகளையும் அதுகளின்ட சாமான் பெட்டி ரெண்டையும் தன்னாமுனையில் அக்காவின்ட வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். மகளிட்டச் சொன்னார், மகள் என்னட்டச் சொன்னாள். போன மூச்சு அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது.

ஆனால் அதோட முடியவில்லை. மிச்சக் கொம்பியூட்டர்களையும் அவர் பெட்டியில் அடைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அறைச் சுவரோட அடுக்கிக் கிடக்கிறது. ரேடியோ இல்லை. மோட்டர் தானாய் ஓடுகிறதில்லை, நான்தான் போய்ப் போடுகிறேன். கோபமாய் ஒரு சொல் இல்லை. சாப்பிடுகிறார், கந்தோருக்குப் போகிறார், வருகிறார். விருந்துக்கு வந்தவர் மாதிரி இருக்கிறார். மகளுக்கு மாதம் நெருங்குகிறது. அவள் அந்தப் பெட்டிகளைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன்.

பின்னேரத்தில் அவர் போனை வைத்துக்கொண்டு குனிந்து இருப்பார். ஒருநாள் விளக்குமாறோட பின்னால் போனேன். தன்னாமுனைக் கூடு போனுக்குள் தெரிந்தது. ஒண்டு இருந்து முகம் கழுவினது. ரெண்டு கையாலும், காதுக்குப் பின்னால் எல்லாம். விரல் ஒவ்வொண்டும் பிறந்த பிள்ளையின்ட விரல் மாதிரி. எனக்கு உடம்பு கூசினது. ஆனால் அடுத்தது எங்கே எண்டு என்ட கண் தேடினது. என்ட கண் ஏன் அதைத் தேடவேணும் எண்டு நினைத்து நினைத்து அண்டைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

வீட்டுக்கு வருகிற மருத்துவ மாதுவிடம் கேட்டேன். வயலில் திரிகிற எலிதான் கூடப் பயம், கூட்டில் பிறந்து வளர்ந்ததில் அவ்வளவு இல்லை எண்டாள். எண்டாலும் பிள்ளைத்தாச்சிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் கிட்ட வேண்டாம், தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவவேணும் எண்டாள்.

நான் சொன்னது பிழை இல்லை. எலி என்ட வீட்டுக்குள் வராது, நெல்லறை வாசலையும் மிதிக்காது. ஆனால் எலியைத்தான் போகச் சொன்னேன். ஆளைச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டச் சொல்லவும் இல்லை. இந்தச் சேதியை மகளிட்டக் கொடுத்தால் அவள் அதுக்கும் சீனி போட்டுத்தான் கொண்டுபோவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வளவுக்குப் பின்னால், வாவிப் பக்கமாய், என்ட பழைய கோழிக்கூடு சும்மா கிடக்கிறது. கம்பிவலை இன்னும் உறுதி. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்தபிறகு அது ஆருக்கு வேணுமோ அவர் எடுக்கலாம். பெரியம்மாவின்ட பேரை மட்டும் மாற்றவேணும். கயிறுகளை இண்டைக்கே அவிழ்க்கலாம், மோட்டர் போடக் கிணற்றடிக்கு நடந்து நடந்து எனக்குக் கால் நோகுது.

இஞ்ச வா புள்ள. நீ மூத்தவளின்ட பிள்ளை, உனக்குத்தான் என்ட எழுத்து விளங்கும். இதை முதலில் இருந்து வாசி. குசினிக்குள் வேண்டாம், விறாந்தையில், மருமகன் இருக்கிற அந்த அறை யன்னலுக்கு நேரே நிண்டு வாசி. நல்ல சத்தமாய் வாசி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தானே.