மூலைக்கு மூலை வெட்டிய பச்சைத் துணி

“பச்சை ஒட்டு நாடா, ஒரு சுருள், செவ்வாய் மாலை.” ஆர்.எஸ்.புரம் தையல் சாமான் கடை ரசீதின் பின்புறம் போன வாரம் நான் எழுதிவைத்த குறிப்பு. எதை வாங்கினாலும் கிழமை எழுதுவது என் வியாதி. மகள் அந்த நாடாவைத் துணிப்பைமீது பூ வேலைக்காக வைத்து இஸ்திரி போட்டாள். சூட்டில் பசை இளகிய வாசனை வந்ததும் நான் பல வருஷம் பின்னால் போய்ச் சூலூரில், அக்கா வீட்டில் இருந்தேன்.

அக்கா கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தைத்தவள். மச்சானுக்கு வீட்டை ஒட்டி இரண்டு விசைத்தறி. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆலயப் பீடத்தின் முன்னால் தொங்கவிடச் சபையார் கடையில் துணி வாங்குவதாக இருந்தார்கள். திராட்சைக்கொடி வைத்து நானே தைத்துத் தருகிறேன் என்று சபைக் கூட்டத்தில் அக்கா எழுந்து சொல்லிவிட்டாள். வளைந்து வளைந்து போகும் தண்டுக்குத்தான் ஒட்டு நாடா.

சுருளாக எங்கள் பக்கம் கிடைக்காத காலம். துணியை மூலைக்கு மூலையாக, குறுக்கே பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். அப்போதுதான் வளைவில் இழுத்துக் கொடுக்கும். இஸ்திரி மெத்தையில் குத்திய குண்டூசிக்கு அடியில் பட்டையை நுழைத்து இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே மடியும். பின்னாலேயே இஸ்திரிப்பெட்டி வரும். முதுகில் காகிதம் ஒட்டிய பசைப்பட்டையை வைத்து இன்னொரு சூடு. காகிதத்தை உரித்தால் நாடா. இழுப்பது என் வேலை. அக்காவின் பெட்டி குண்டூசியை ஒருமுறைகூடத் தொடவில்லை. என் விரலைத்தான் தொட்டது.

வெட்டுவது மச்சான் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, அக்கா ஆலயம் கூட்டப் போயிருந்தபோது, அத்தனை பச்சைத் துணியையும் வெட்டி முடித்துவிட்டார். ஓர் இழை பிசகாமல், கரையோடு நேராக. அக்கா குறுக்கே வெட்டச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. தறிக்காரருக்குக் கைதான் வரவில்லை. அக்கா வந்து முதல் வளைவில் ஒட்டியதுமே நாடா சுருக்கம் சுருக்கமாக எழும்பி நின்றது.

“ஏனுங்க, இது கொடிங்களா? முள்வேலியாட்ட நிக்குதுங்க.”

“கோணையா வெட்டினாத் துணி கெட்டுப்போயிருமல்ல, அம்மணி.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் துணி ஆலயத்தில் இருக்க வேண்டும். அவள் கொடுத்த வாக்கு.

மச்சான் பீரோவைத் திறந்தார். சொந்தத் தறியில் முதன்முதலாக ஓடிய துணியை அதில் மடித்து வைத்திருந்தார். அதுவும் பச்சை. யாரையும் தொட விட்டதில்லை.

“அது வேண்டாங்க.”

“மூலைக்கு மூலை வெட்டு, அம்மணி. நானே புடிச்சுக்கறேன்.”

பிடித்துக்கொண்டார், சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் ஆராதனையில் ஒரு வளைவில்கூடச் சுருக்கமில்லை. மச்சான் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கடையில் வாங்கியது என்று யாரோ கேட்டார்கள். “ஊட்டுத் துணிதானுங்க. தையலு அம்மணியோடது” என்றார்.

தறிகள் பிறகு பழைய இரும்புக்குப் போயின. ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். பீடத்தின் முன்புறம் இப்போது பளிங்கு. அந்தத் துணி பக்க அறை அலமாரியில் இருப்பதாக அக்கா சொல்கிறாள். இடித்தபோதே போய்விட்டது என்கிறார் மச்சான். எது சரி என்று நான் இன்னும் உறுதி செய்யவில்லை.