குழம்பில் கலந்த பொடி

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர்; கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற தொழில். குடிப்பழக்கம் உண்டு. குடியை மறக்க வைக்கும் பொடி என்று செல்போனில் விளம்பரம் பார்த்து, அதிலிருந்த நம்பருக்குப் பேசினேன். "அவருக்குத் தெரியாமக் குழம்புல கலந்துடுங்கக்கா. ஒண்ணும் செய்யாது" என்றான் விற்றவன். நம்பி வாங்கி, ஐந்து நாள் கலந்தேன். அந்த ஐந்து நாளும் அவர் குடிக்கவில்லை; பொடி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் அவர் குடித்துவிட்டுப் படகில் போயிருக்கிறார். கடலில் குதிக்கும் முன்னே முகம் சிவந்து, மூச்சு முட்டி, படகிலேயே விழுந்துவிட்டார். தண்ணீருக்குள் இருந்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "இந்தப் பொடியில கலந்திருக்கிற மருந்து உடம்புல இருக்கும்போது சாராயம் குடிச்சா உயிரே போயிரும். சொல்லாமக் குடுக்கலாமா?" என்று சத்தம் போட்டார்.

பொடிக்காரனுக்குப் போன் செய்தேன். "நீங்க அளவைக் கூட்டியிருப்பீங்க" என்று என் மேலேயே பழி போட்டான். சாகிறவன் குடிகாரன்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர்.

வீட்டுக்காரர் கண் விழித்ததும் பொடி கலந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? கூப்பிட்டிருந்தா குடிய நிறுத்த ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேம்லா."

இப்போது குடியை நிறுத்தும் வார்டுக்கு வாரா வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். மாத்திரை எதுவானாலும், இன்னதென்று சொல்லி அவர் கையில்தான் கொடுக்கிறேன்.

– அ. செல்வி, தூத்துக்குடி