கண்மாய்க்குள் போட்ட தோணி

ரோசலின் யாரென்றால், கோயில் மணி அடித்த ஞானராஜின் உடன்பிறந்தாள் சேசம்மாளுக்குக் கடைசி மகள். அந்த வழியில் பிறந்ததெல்லாம் நெட்டை. ஞானராஜ் நிலைப்படிதோறும் குனிந்து குனிந்தே கூன் விழுந்தவர். ரோசலினும் ஆறடிக்கு நாலு விரற்கடைதான் குறைவு.

அவளுக்கும் இருதயநாதனுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம். ஆனால் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருசம் தேறாது. அவன் தூத்துக்குடியில் தோணிக்காரன். கொழும்பு, கொச்சி என்று பாய் விரித்துப் போய்விடுவான். அவள் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலையைப் பார்த்த தோட்டத்தில் வெங்காயம் போட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தாள். பிள்ளையும் இல்லை. கடலை அவள் கண்ணால் கண்டதுமில்லை.

ஐம்பத்தெட்டாம் வருசம் மாசி மாதம் வந்தவன், சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் சொன்னான்: "இனி உன்னைய விட்டுட்டுப் போக மாட்டேன் ரோசு. சொந்தமா ஒரு தோணி வாங்குவோம். கரையோரமா உப்பு ஏத்திக்கிட்டு, அதுலயே குடியிருப்போம். ரெண்டு தோணி பாத்து வச்சிருக்கேன். ஈஸ்டருக்குள்ள சொல்லணும். உனக்குப் பிடிக்கலைன்னா பழையபடி கூலிக்குத்தான் போவேன்."

கூலிக்குப் போனால் மறுபடி வருசத்துக்குப் பதினொரு மாசம் தனிமை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் காணாத பொருளுக்கு எப்படித் தலையாட்டுவது?

"வீடு கட்டுறதுக்கு முன்னாடி கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுவாருல்ல? வீட்டுக்காரி உள்ள நடந்து பாப்பாள்ல? அது மாதிரி போட்டுக் காட்டுங்க," என்றாள்.

அவன் திகைத்துப் போனான். இத்தனை வருசக் கடலில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. மறுநாளே ரயிலேறிப் போய், இரண்டு தோணியையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வந்தான். வற்றிப்போன கண்மாய்க்குள் சுண்ணாம்பைத் தூவி இரண்டையும் முழு அளவுக்கு வரைந்தான். மேல்தளத்து உத்தரம் எத்தனை உயரத்தில் வருமோ, அத்தனை உயரத்தில் கழி நட்டுக் குறுக்கே மூங்கில் கட்டினான்.

ஊரே கரையில் நின்றது. பெரிய தோணியின் ஒரு முனையில் நின்றவன் மறு முனையில் நின்றவனைக் கத்திக் கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்த தோட்டத்து மொக்கைச்சாமிதான் வாயைத் திறந்தார்.

"ஏலே நாதா, கண்மாயில குருவி குடிக்கத் தண்ணியில்ல. நீ கப்பலே விட்டுட்டியேப்பா!"

"ஏறுங்க மாமா, கொழும்பு போவோம்."

"நான் வெத்தலை எடுக்காம வந்துட்டேன். நீ முன்ன போ."

முதல் நாள் பெரிய தோணியில் குடியிருந்து பார்த்தார்கள். ரோசலின் உள்ளே நடந்தாள், கையைத் தூக்கினாள், எங்கேயும் இடிக்கவில்லை. மனசு நிறைந்து, சிறுமலைப் பக்கம் கிழக்கு என்று குறித்து, தென்கிழக்கு மூலையில் அடுப்பை வைத்தாள். அக்கினி மூலை தப்பக்கூடாது அல்லவா?

இருதயநாதன் சிரிக்கவில்லை. பக்கத்தில் குத்தவைத்து மெதுவாகச் சொன்னான்: "தோணி திரும்பும் ரோசு. காலையில கெழக்க பாத்தா சாயங்காலம் தெக்க பாக்கும்."

"வீடேவா திரும்பும்?"

"வீடேதான்."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான்கு மூலையும் பெயர்ந்து போகிற ஒரு வீட்டை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாம் நாள் சின்னத் தோணி. அவனுக்கு அதன் மேல்தான் கண். காற்றைக் கண்டால் பறக்கும் என்றான். ஆனால் அவள் நிமிர்ந்தபோதெல்லாம் நெற்றியில் மூங்கில் இடித்தது. மத்தியானத்துக்குள் நாலு தடவை. நாலாவது இடிக்கு அவனே, "வேணாம் புள்ள, பெருசையே வாங்குவோம்," என்றான்.

"அதுல பாய் யாரு ஏத்துவா?"

அவள் மனசுக்குப் பிடித்ததை எடுக்கட்டும் என்று அதை அவன் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். பாயோடு அதைத் தாங்குகிற பெரிய கழியையும் சேர்த்து மேலே இழுக்க வேண்டும். பெரிய தோணிக்கு ஆறு ஆள் வேண்டும்.

"அந்தக் கனம் எம்புட்டு இருக்கும்?"

"உங்க கமலைச் சால் நெறையாத் தண்ணி."

"சின்னதுக்கு?"

"அரைச் சால்."

அவள் எழுந்து கிணற்றடிக்கு நடந்தாள். தண்ணீர் இறைக்கிற மாட்டைப் பூட்டாமல், சால் தொங்கும் கமலை வடத்தை இரண்டு பேரும் பிடித்தார்கள். நிறைசால் ஒரு ஆள் உயரம் வந்தது, பிறகு வடம் கையைத் தீய்க்க, கீழே போய்விட்டது. அரைச்சாலை இழுத்தார்கள். அவள் பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, மாடு பழக்கிய கையால் வாங்கி வாங்கி இழுத்தாள். சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ட தோணிக்காரர்களில் பாதிப்பேருக்கு இந்த இழுப்பு வராது.

"சின்னதுதான்," என்றாள் ரோசலின்.

"தலை இடிக்குமே?"

"நான் என்னைக்கு நின்னுக்கிட்டு ஒலை வச்சேன்? ஆக்குறது உக்காந்து, திங்கிறது உக்காந்து, தூங்குறது படுத்து. நிக்கணும்னா மேல வந்து நின்னுக்கிறேன்."

ஈஸ்டர் வரைக்கும் தினமும் அந்த மூங்கிலுக்கு அடியில் போய் வந்து குனியப் பழகினாள். சின்னத் தோணியை வாங்கி, வெங்காயத் தோட்டத்தை மொக்கைச்சாமி பொறுப்பில் விட்டுக் கிளம்பினார்கள்.

தூத்துக்குடியில் தோணிகளின் நெரிசலில் அவளுக்குக் கடல் சரியாகத் தெரியவில்லை. தன் தோணியில் இறங்கியவள், இருட்டாயிருந்த உள்ளறைக்குள் விளக்கில்லாமல் நடந்தாள். உத்தரம் வருமுன்னே தலை தானாகக் குனிந்தது. கை நீட்டிய இடத்தில் அடுப்பு இருந்தது, தோணியில் தீ பிடிக்காமலிருக்க மணல் நிரப்பிய பெட்டிக்குள்.

மறுநாள் பாயை இருவரும் ஏற்றினார்கள். உலை வைத்துவிட்டு மேலே வந்த ரோசலின், பழக்கத்தில் சிறுமலையைத் தேடினாள். மலையில்லை. மரமில்லை. நாலு பக்கமும் தண்ணீர், விளிம்பில்லாத தண்ணீர், மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு. ஒரு குடத்துக்குக் கிணற்றடியில் காத்துக் கிடந்தவள் அவள். பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க போட்ட கோடு ஒரு விரல் பிசகலைங்க," என்றாள். "இதை மட்டும் போடாம விட்டுட்டீங்களே."

"இதுக்குச் சுண்ணாம்புக்கு எங்க போவேன் புள்ள?"

கீழே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து உள்ளே போனாள்.