பால்கட்டு என்று நான் சொன்னது

அந்தப் பாட்டில் உள்ளங்கையில் அடங்கிவிடும். மூடியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டர், உள்ளே தண்ணீர் போன்ற மருந்து, அதில் சேமியா மாதிரி நாலைந்து சதைத் துணுக்குகள். என் ஓரகத்தியின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்தவை. செஞ்சி ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்து, பரிசோதனைக்குப் புதுச்சேரிக்கு நீங்களே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அமாவாசைக்கு மறுநாள். மேல்மலையனூர் போய்த் திரும்பும் கூட்டம் பஸ்ஸில் நெருக்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "கோயில் தீர்த்தமா? எனக்கும் ரெண்டு சொட்டு குடும்மா" என்று கையை நீட்டினாள். மருந்து என்று மட்டும் சொன்னேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

ஏனென்றால் தப்பு என்னுடையது. அவள் என் கொழுந்தனாரின் மனைவி, இருபத்தெட்டு வயது, கையில் நாலு மாதக் குழந்தை. "அக்கா, இங்க கட்டி மாதிரி இருக்குது, தொட்டுப் பாரேன்" என்று முதலில் என்னிடம்தான் வந்தாள். சிங்கவரத்தில் எங்கள் வீட்டில் மூன்று பெற்றவள் நான். அந்த மண்டைக்கனம் எனக்கு. "பால்கட்டுடி. எனக்கு மூணு தடவையும் வந்துச்சு" என்று பெரிய டாக்டர் மாதிரிச் சொல்லிவிட்டு, சீப்பை வெந்நீரில் போட்டெடுத்து மேலிருந்து கீழாக நீவிவிட்டேன். ஒத்தடம் கொடுத்தேன். இப்படியே மூன்று மாதம். கட்டி கரையவும் இல்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததை நான் நல்லதென்று நினைத்தேன், மடச்சி.

கடைசியில் செஞ்சிக்குக் கூட்டிப்போனேன், மார்பைப் படம் எடுத்தார்கள். படம் முழுக்க ஒரே வெள்ளை. "சின்ன வயசு, அதுலயும் பால் குடுக்கிற மாரு, இப்படித்தான் வெள்ளையா இருக்கும். கட்டியும் வெள்ளை. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. வயிற்றுக்குப் பார்ப்பதுபோல ஸ்கேனும் பார்த்தார். அதில் கட்டியின் ஓரம் பிசிறு பிசிறாகத் தெரிந்ததால்தான் ஊசி போட்டு எடுத்தார்கள்.

வைத்தியமெல்லாம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் நன்றாக இருக்கிறாள். வருடாவருடம் செக்கப்புக்கு நான்தான் துணை. ஆனாலும் பரிசோதனை முடிவு வந்த அந்தச் சாயங்காலம் என்னை விட்டுப் போகவில்லை. புற்றுநோய்தான், சிகிச்சை தொடங்கினால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசத்த நான்தாண்டி பாழாக்கிட்டேன்" என்று அழுதேன். "நீ சொல்லலன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க. எனக்கும் அத நம்பத்தான் ஆசையா இருந்துச்சு" என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். என் மூன்றாவதுக்கு அப்போது ஒரு வயது, எனக்கும் பால் இருந்தது.

"இனிமே இதுக்கும் நீதான் குடுக்கணும். ஆனா மொதல்ல நீயும் போய் மாருல ஸ்கேன் எடுத்துக்கினு வா. நீயே தடவிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிடாதக்கா."

குழந்தை பசியில் என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தது. அதைத் திரும்ப அவளிடமே கொடுத்துவிட்டு, செஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.