கிளிசரினில் ஊறிய புகையிலை

என் மனிசனின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுருட்டை விடாவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். இவர் மின்சிகரெட்டுக்கு மாறினார். அதில் ஊற்றக் கடையில் விற்கும் சாறு ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. "முட்டாசி மாதிரி இனிச்சுக் கிடக்கு. இதை மனிசர் இழுப்பினமோ?" என்றார். அவருக்கு யாழ்ப்பாணச் சுருட்டின் வாசம் வேண்டும். அதை வீட்டிலேயே இறக்கலாம் என்று போனில் பார்த்துக் கண்டுபிடித்தார். இறக்க வேண்டியவள் நான்.

அப்போது ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. நாங்கள் இருக்கும் ஹம்மிலிருந்து போய் அவளுக்குப் பத்தியத்துக்குச் சரக்குக் கறி காய்ச்ச வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று நான் துடித்தேன்.

"முதல் என்ர போத்தலை நிரப்பி வைச்சிட்டுப் போ" என்றார்.

ஊரிலிருந்து வந்த புகையிலையை நரம்பெடுத்து நறுக்கி, ஜாம் போத்தலில் கிளிசரினோடு போட்டு, சுடுதண்ணிச் சட்டிக்குள் வைத்தேன். பிறகு கோப்பி வடிக்கும் தாளில் வடித்தேன். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். குளிர் படும் என்று இவர் யன்னலைத் திறக்க விடவில்லை.

முதல் சாறு வைக்கோல் போல இருந்ததாம். "கோடா இல்லாமல் சுருட்டு சுத்துவினமோ? பனங்கட்டியைக் கரைச்சு விடு" என்றார். சுருட்டுப் புகையிலைக்கு ஊரில் அந்தப் பாணியைத்தான் தெளிப்பார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது. கரைத்து ஊற்றினேன்.

சிநேகிதர் ஒருவர் வந்திருந்த அன்று இவர் பெருமையாக ஒரு இழுவை இழுத்தார். உள்ளே சூடாகும் கம்பியில் இனிப்புக் கருகிவிட்டது. இருமி இருமிக் கண் பிதுங்கியது.

"என்ன அண்ணை, அக்கா உதுக்குள்ள பொங்கலோ வைச்சவ?" என்று சிநேகிதர் சிரித்தார்.

இருமல் நின்றதும் இவர் என்னைப் பார்த்தார். "இவ அஞ்சாம் வகுப்போட நிண்டவ. ஏனெண்டு இப்ப விளங்குதோ?"

நீங்கள்தானே சொன்னனீங்கள் என்று வாய்வரை வந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"திரும்ப வை. சரிவந்தாத்தான் ஸ்டுட்கார்ட்."

அது ஊறிக்கொண்டிருந்தபோதே பிள்ளை பிறந்துவிட்டது. போனில் முகம் பார்த்தேன். ஒருவழியாக ஒரு போத்தல் சரிவந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அதுதான் உத்தரவு.

ஸ்டுட்கார்ட்டில் கதவைத் திறந்த மகள் மூக்கைப் பொத்தினாள். "அம்மா, சுருட்டுக் கொட்டில் மாதிரி மணக்கிறியள்."

குளித்தேன். அவளுடைய சட்டையைப் போட்டேன். தலைமயிரிலும் நகக்கண்ணிலும் இருந்த வாசம் போகவில்லை.

"பிள்ளையைத் தூக்காதேங்கோ. புகையிலை வாசம் ஆகாதெண்டு மருத்துவிச்சி சொன்னவ."

சரக்குக் கறி காய்ச்சினேன். "நல்லாயிருக்கு அம்மா" என்று திரும்பவும் போட்டுச் சாப்பிட்டாள். உள்ளே பிள்ளை அழுதது. நான் எழும்பினேன். "நீங்கள் இருங்கோ" என்று அவளே போனாள்.

மறுநாள் இவர் மகளுக்குப் போன் எடுத்தார். எனக்கும் கேட்டது. "போத்தல் முடியப்போகுது. கொம்மா எப்ப வாறாவாம்?"

"அப்பா திரும்பச் சுருட்டைத் தொட்டாரெண்டால் செத்துப்போவார்" என்றாள் மகள். நான் வாய் திறக்குமுன், நான் திரும்பிப் போக ரெயின் நேரம் தேடத் தொடங்கினாள்.

வெளிக்கிடும்போது, வாசலில் தள்ளி நின்று பிள்ளையைக் காட்டினாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தேன்.