சிதம்பரம் பேருந்தில் ஸ்பெயின் மன்னர்

2009, ஆடி மாதம். காலை 8.10க்குக் கடலூரில் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் பதினாறு ரூபாய். பக்கத்து இருக்கையில் எழுபது வயது வெள்ளைக்காரர், அந்தப் புழுக்கத்திலும் கோட்டோடு. ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தேன். பெயர் ரமோன், ஸ்பெயினின் உண்மையான மன்னர் தாம்தான் என்றார். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் விளக்கிவிட்டார். நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்பெயின் மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்திருக்கிறார். பட்டம் மகளுக்குப் போனது. தம்பிக்குத்தான் உரிமை என்று ஒரு கூட்டம் சண்டையிட்டுத் தோற்றது. அந்தத் தம்பி வழியில் வந்தவராம் இவர். அதே உரிமையைக் கேட்டு உறவினர் இருவர் வேறு இருக்கிறார்களாம்! சோழர்கள் முடிசூடிய ஊரான சிதம்பரத்திலிருந்து தம் வாரிசை அறிவிக்கும் கடிதத்தைத் தபாலில் போட வந்திருக்கிறார். வாரிசு, அவருடைய தம்பி மகன். உறையையும் எடுத்துக் காட்டினார்.

8.55, புதுச்சத்திரம். முன் இருக்கைப் பெண் திரும்பி, "என்னா சார் சொல்றாரு?" என்றார். சொன்னேன். அவர் பெயர் செல்வி. காட்டுமன்னார்கோயில் பக்கம் சொந்த ஊர், அன்று மாலை அங்கே மாரியம்மன் திருவிழா.

"எங்க ஊர்லயும் இதே தகராறுதான் சார். கோயில்ல மொத மரியாத எங்கப்பாவுக்கு. ஆம்பளப் புள்ள இல்லாம போயிட்டாரு. பரிவட்டம் எனக்குத்தான்னு சித்தப்பா குதிச்சாரு. ஊரு கூடி எனக்குன்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்கிறதால தலையில கட்ட மாட்டாங்க, தட்டுல வச்சுக் கையில குடுப்பாங்க."

மொழிபெயர்த்தேன். "சித்தப்பா சொன்னதே நியாயம்" என்றார் மன்னர். அதையும் செல்வியிடம் சொல்லித் தொலைத்தேன்.

செல்விக்குக் கோபம் வரவில்லை. "இவருக்கு எத்தினி புள்ளைங்க?"

ஒரே மகள் என்றார் மன்னர். இந்த உரிமைக்காக இருபது வருடமாக அப்பாவின் கடிதங்களைத் தட்டச்சு செய்பவள் அவள்தான்.

"இந்த லெட்டரையும் அவுங்கதான் அடிச்சாங்களா?"

"இல்லை. இதை மட்டும் நானே கையால் எழுதினேன்" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பட்டத்தை மகளுக்குக் கொடுத்தால் அவருடைய உரிமையே பொய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பார்?

9.35, சிதம்பரம். இறங்கியதும் மன்னர் செல்வியிடம் கேட்கச் சொன்னார்: "இன்று சித்தப்பா வருவாரா?"

"வராம? அஞ்சு வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. இப்ப மேளத்தோட வீட்டுக்கு வந்து என்னக் கூப்புட்டுக்கிட்டுப் போறதே அவருதான்."

கோயிலைப் பார்க்க நான் கிளம்பினேன். தபால் நிலையம் போகிற வழியில்தான், கடிதத்தை நானே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். மன்னர் உறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, காட்டுமன்னார்கோயில் பேருந்தில் செல்விக்குப் பின்னால் ஏறினார்.

"முதலில் அந்தச் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்."